உறைபனியிலும் சாகாத வேர்

நவம்பர் மாதத்தை மரித்த விசுவாசிகளின் மாதமாகத் திருச்சபை அனுசரித்து வருகின்றது. அம்மாதத்தின் முதல் நாட்களில் எமது சேமக்காலைகளில் கல்லறைகள் துப்புரவு செய்யப்பட்டு, மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டு, மலர்கள் வைக்கப்படுவதை யாவரும் அறிவோம். 2022ஆம் ஆண்டில் அந்த நாட்களை நானும் எனது மனைவியும் இத்தாலி நாட்டின் டஸ்கனிப் பிரதேசத்தில், முன்பின் அறியாத ஒரு விவசாயக் குடும்பத்தின் ஒலிவத் தோட்டத்தில் கழித்தோம். கூலியின்றி உழைக்கச் சென்ற எமக்கு, நாம் கேளாத ஒரு கூலி அங்கே கிடைத்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

சுவிற்சர்லாந்தில் வாழும் எமக்கு அது திருமண வெள்ளிவிழா ஆண்டு. லூர்து அன்னையின் திருத்தலத்துக்கு யாத்திரை செல்வதே எனது எண்ணமாக இருந்தது. மகளோ வேறோர் ஏற்பாட்டைச் செய்திருந்தாள். 1971ஆம் ஆண்டில் லண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ கொப்பார்ட் என்னும் பெண்மணி, நகரத்தில் அடைபட்டு வாழ்வோரும் மண்ணோடு பழக வேண்டும் என விரும்பினார். சசெக்ஸ் பகுதியிலுள்ள ஒரு பண்ணையில் நால்வர் வார இறுதியில் வேலைசெய்ய ஒழுங்கு செய்தார். அந்தச் சிறிய முயற்சியே இன்று ‘வூஃப்’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ளது. இரசாயன உரமும் நஞ்சும் பாவிக்காத தோட்டங்களில் தொண்டர்கள் நாளொன்றுக்கு 4 முதல் 6 மணித்தியாலம் வரை உழைப்பர். தோட்டக்காரர் உணவும் உறைவிடமும் வழங்குவார். இரு தரப்பினருக்குமிடையே பணம் கைமாறுவதில்லை.

“அப்பா, நீங்கள் விவசாயியின் மகன்தானே” என்றாள் மகள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

எனது தந்தையார் வலிகாமம் வடக்கின் செம்பாட்டு மண்ணில் பன்னிரண்டு பரப்புக் காணியில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் உடுத்த உடையோடு அக்காணியை விட்டு வெளியேறினோம். அதன் பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. தந்தையார் அதனை மீண்டும் காணவில்லை. 1996இல் இடம்பெயர்ந்த நிலையில் வன்னியில் மரணமடைந்து, அங்குள்ள ஒரு சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

யுத்தம் முடிந்து பல ஆண்டுகளின் பின்னர் காணி விடுவிக்கப்பட்டது. தம்பி படங்கள் அனுப்பினான். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. பலாவும் மாவும் இல்லை. கிணறு இடிபாடுகளால் மூடப்பட்டிருந்தது. “இனி இதை வைத்து என்ன செய்வது? விற்றுவிடுவோம்” என எழுதியிருந்தான். நானும் இணங்கினேன். அவன் அனுப்பிய அற்றோணித் தத்துவப் பத்திரத்தில் கையொப்பமிடுவது மட்டுமே எஞ்சியிருந்தது. “ஒருக்கால் போய்ப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ” என்றாள் மனைவி. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நான் சினந்தேன். அன்று தொடங்கிய மௌனம் ஆறு மாதங்கள் எமது வீட்டில் குடியிருந்தது. வேலைக்குப் போனோம், வந்தோம், ஞாயிறு தோறும் ஒரே வாங்கில் அமர்ந்து திருப்பலி கண்டோம். காணியைப் பற்றி மட்டும் பேசவில்லை. பத்திரம் மேசை இலாச்சியிலேயே கிடந்தது.

ஒக்டோபர் 30ஆம் நாள் மாலையில் தோட்டத்தை அடைந்தோம். எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவரும் அவரது துணைவியாரும் எம்மை வரவேற்றனர். மனைவி தனது வேலைத்தளத்தில் இத்தாலியப் பெண்களுடன் பழகி அவர்களது மொழியை ஓரளவு அறிந்திருந்தாள். நான் அவளது வாயையே பார்த்திருக்க வேண்டியவனானேன். இரவு உணவுக்குப் பாண் வைத்தார்கள். அதில் உப்பே இல்லை. அப்பிரதேசத்தின் பாரம்பரியப் பாண் உப்பின்றியே சுடப்படுமாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த எமக்கு அது பெரிய சோதனைதான்.

மறுநாட் காலை வேலை தொடங்கியது. மரத்தடியில் பெரிய வலைகளை விரிக்க வேண்டும். பின்னர் சீப்புப் போன்ற ஒரு கைக்கருவியால், குழந்தையின் தலையை வாருவது போலக் கிளைகளை வாரிவிட வேண்டும். காய்கள் மழைபோல் வலையில் விழும். இலைகளை அகற்றிவிட்டுக் காய்களைப் பெட்டிகளில் நிரப்ப வேண்டும். கரும் ஊதா நிறத்தில் பழுத்திருந்த ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு வாயிலிட்டேன். வேப்பங்கொட்டையைக் கடித்தது போலிருந்தது. முதியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பல நாட்கள் நீரிலும் உப்பிலும் ஊறவைத்த பின்னரே ஒலிவக் காயை உண்ண முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மாலைக்குள் நாம் இருவரும் நிரப்பியவை நான்கு பெட்டிகள் மட்டுமே. தோளும் முதுகும் வலித்தன. ஆயினும் உச்சிக் கிளையில் சில காய்கள் எஞ்சியிருப்பதைக் கண்டு மீண்டும் ஏணியை எடுத்தேன். அம்மையார் தடுத்துவிட்டார். ஒரு முறை பறித்த மரத்தில் மறுமுறை பறிப்பதில்லை, எஞ்சியது பறவைகளுக்கு என்றார். எனக்கு இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஒலிவ மரத்தை உதிர்த்த பின்னர் கிளைகளில் எஞ்சியதைத் தேடிப் பறிக்காமல், அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் விட்டுவிடுமாறு ஆண்டவர் அங்கே பணித்திருக்கின்றார். எத்தனையோ நாடுகளில் எவரோ விட்டுவைத்ததை உண்டு உயிர்பிழைத்த அந்நியர் கூட்டத்தில் நானும் ஒருவனல்லவா? ஏணியை மடித்து வைத்தேன்.

நவம்பர் முதலாம் நாள் சகல புனிதர்களின் பெருவிழா. இத்தாலியில் அது பொது விடுமுறை. கிராமத்து ஆலயத்தில் திருப்பலி கண்டு திரும்புகையில் தோட்டத்தினூடாக நடந்து வந்தோம். முந்திய நாள் முழுவதும் என் கண்ணில் பட்டும் கருத்தில் படாத ஒன்றை அப்போதுதான் கவனித்தேன். ஒலிவ மரம் என்றதும் முறுக்கேறிப் பருத்த அடிமரத்தையே நாம் படங்களில் கண்டிருக்கின்றோம். இங்கோ ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு மெல்லிய தண்டுகள் வட்டமாக எழுந்து நின்றன. அவற்றின் நடுவே உக்கிப்போன ஒரு பழைய அடிக்கட்டை. காரணத்தைக் கேட்குமாறு மனைவியிடம் சொன்னேன்.

முதியவர் ஒரு கட்டையின் மீது அமர்ந்து கதை சொன்னார். 1985ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் டஸ்கனியில் வரலாறு காணாத குளிர் நிலவியது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் அப்பால் இறங்கியது. ஒலிவ மரங்களின் பட்டைகள் வெடித்துப் பிளந்தன. வசந்தம் வந்தபோது குன்றுகள் எங்கும் பழுப்பு நிறம். தலைமுறை தலைமுறையாகக் காய்த்த மரங்களுள் பெரும்பாலானவை பட்டுவிட்டன. அவரது தந்தையார் தம் பாட்டனார் நட்ட மரங்களைத் தம் கையாலேயே தரையோடு அறுத்தாராம். அயலவர்கள் சிலர் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திராட்சை நட்டனர். சிலர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குச் சென்றனர். தந்தையார் கட்டைகளை மண்ணிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார். கோடையில் கட்டைகளைச் சுற்றித் தளிர்கள் எழுந்தன. அவற்றுள் நல்லவை சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றினார். ஆண்டுகள் பல சென்று அவை காய்த்தன. அந்த எண்ணெயைச் சுவைத்த பின்னரே அவர் கண்மூடினார்.

“குளிர் மேலே இருந்ததைத்தான் கொன்றது. கீழே இருந்ததை அது தொடவில்லை. மேலே பார்த்தவர்கள் விற்றார்கள்” என முதியவர் முடித்தார்.

மனைவி அதனை எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு வேறெதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை நான் மீண்டும் சினந்திருப்பேன்.

மறுநாள் மரித்த விசுவாசிகளின் நினைவு தினம். மாலையில் அவர்கள் சேமக்காலைக்குப் புறப்பட்டபோது எம்மையும் அழைத்துச் சென்றனர். செவ்வந்திப் பூக்களால் கல்லறைகள் நிறைந்திருந்தன. முதியவர் தம் தந்தையாரின் கல்லறையில் விளக்கேற்றினார். மனைவி தன் கைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்தாள். சுவிற்சர்லாந்திலிருந்தே அதனைக் கொண்டுவந்திருக்கிறாள். “இஞ்சேருங்கோ, மாமாவுக்கும் இதிலையே கொளுத்துவம்” என்றாள். இருபத்தாறு ஆண்டுகளாக எனது தந்தையாரின் கல்லறையில் நான் ஒரு திரி ஏற்றியதில்லை. வேறொருவரின் தந்தையாரது கல்லறையின் முன் நின்று தமிழில் செபமாலையின் ஒரு பத்து மணியைச் சொல்லத் தொடங்கினோம். நடுவில் எனக்குக் குரல் எழவில்லை. மனைவியே சொல்லி முடித்தாள். மொழி விளங்காத அந்த முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி இறுதிவரை நின்றார்.

அன்றிரவுதான் ஆறு மாதங்களின் பின்னர் நாம் காணியைப் பற்றிப் பேசினோம். வெறும் அத்திவாரத்தைப் பார்க்க நேரிடுமே என்ற அச்சத்தினாலேயே நான் அதனை விற்க அவசரப்பட்டேன் என்பதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். “அது எனக்குத் தெரியும்” என்றாள் அவள்.

நவம்பர் 3ஆம் நாள் இரவு காய்களோடு எண்ணெய் ஆலைக்குச் சென்றோம். பறித்த காய்களை ஒரு நாளுக்குள் பிழிவதே சிறந்ததாம். 100 கிலோ காயிலிருந்து ஏறக்குறைய 15 கிலோ எண்ணெயே கிடைக்கும். கழுவி, நொறுக்கி, கூழாக்கிப் பிசைந்த பின்னர் பச்சை நிறத்தில் எண்ணெய் ஒழுகியது. வாட்டிய பாணில் வெள்ளைப்பூண்டைத் தேய்த்து அதன்மேல் புதிய எண்ணெயை ஊற்றித் தந்தார்கள். மிளகைப் போலத் தொண்டையில் உறைத்தது. உப்பில்லாப் பாணின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எண்ணெய் ஆலையில் நின்றபோது கெத்சமனியை எண்ணாதிருக்க முடியவில்லை. அப்பெயருக்கே எண்ணெய் பிழியும் இடம் என்பதுதான் பொருள். எருசலேமின் அத்தோட்டத்தில் இன்றும் எட்டுப் பழைய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. 2012இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் மூன்றின் அடிமரங்கள் 1092, 1166, 1198 ஆகிய ஆண்டுகளை அண்மித்தவை என்றும், எட்டு மரங்களுமே ஒரே தாய்மரத்தின் வழிவந்தவை என்றும் கண்டறிந்தது. கி.பி. 70இல் உரோமையர் எருசலேமை முற்றுகையிட்டபோது நகரைச் சூழ்ந்திருந்த மரங்கள் வெட்டப்பட்டதை வரலாற்றாசிரியர் யோசேப்பு பதிவுசெய்துள்ளார். வெட்டுண்டாலும் வேரிலிருந்து மீண்டெழும் இனம் ஒலிவம். இரத்த வியர்வை சிந்திய இரவில் நம் ஆண்டவர் அத்தகைய மரங்களினடியிலேயே முழங்காலிட்டார்.

அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு வந்தோம். வன்னியில் தந்தையாரின் கல்லறையைத் தேடிக் கண்டு திரி ஏற்றினோம். பின்னர் தம்பியுடன் காணிக்குப் போனோம். டஸ்கனியில் கண்டதைப் போன்ற தளிர் எதுவும் அங்கே எம்மை வரவேற்கவில்லை. படத்தில் கண்ட அதே வெறுமைதான். ஆயினும் கிணற்றைத் துப்புரவாக்குவோம் என்றான் தம்பி. ஆட்களைப் பிடித்து ஆறு நாட்கள் கல்லும் மண்ணும் அள்ளினோம். ஆறாம் நாள் அடியில் ஈரம் கண்டது. மறுநாட் காலையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. முதல் வாளித் தண்ணீரைத் தம்பி தன் தலையில் ஊற்றிக்கொண்டான். இருபது தென்னங்கன்றுகளை நட்டுவிட்டுத் திரும்பினோம்.

விற்பதா வைத்திருப்பதா என்பதை நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை. காணியை விற்றவர்கள் தவறிழைத்தனர் என நான் கூற வரவில்லை. வாழ்க்கையின் நெருக்கடி அவரவர்க்கே தெரியும். ஆனால் பாராமலே செத்துவிட்டது எனத் தீர்ப்பிடும் அவசரம் என்னிடம் இருந்தது. காணியில் மட்டுமன்று, மனைவியுடனான பேச்சிலும் உடன்பிறந்தவனின் உறவிலும் செபத்திலும் அதே அவசரம் இருந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, நவம்பர் மாதம் நிறைவுறும் வேளையில் திருவருகைக் காலம் பிறக்கும். வெட்டுண்ட ஈசாயின் மரத்திலிருந்து எழும் தளிரைப் பற்றி இறைவாக்கினர் எசாயா உரைத்ததை ஆலயத்தில் வாசிக்கக் கேட்போம். அதற்கு முன்னர் நம் குடும்பங்களில் பட்டுப்போனது என நாம் கைவிட்ட உறவு எது, பேசாது விட்ட பேச்சு எது என ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். சேமக்காலையில் திரி ஏற்றித் திரும்பும் மாலையில், கணவனும் மனைவியும் அதனை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். வேரைக் காக்கும் இறைவன் நம் வீடுகளையும் காப்பாராக.