அளவறியா வாயில்

வீட்டிற்கு வாயில் இன்றியமையாதது. வாயிலுக்குத் தாழும் அத்துணை இன்றியமையாதது. இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும். வலையிற் பிணைக்கப்பெற்ற கணிப்பொறியில், வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்கு விடையளிப்பதற்கென்றே சில நிரல்கள் இரவும் பகலும் விழித்திருக்கின்றன. கடிதம் வாங்குவது ஒன்று. கோப்புகளைப் பகிர்ந்தளிப்பது மற்றொன்று. இவற்றைச் சேவை நிரல்கள் என்பர். வலையுலகிற்கு இவையே வாயில்கள். இத்தகைய வாயிலொன்றில் இருந்த சிறு பிழை எத்துணைப் பெருந்தீங்கிற்கு இடமாயிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை வழங்கிவந்தது. அதன்கண் ஃபிங்கர் என்றொரு சேவை உண்டு. ஒருவரது பெயரை எழுதியனுப்பினால், அவர் அப்பொழுது கணிப்பொறியில் வேலை செய்துகொண்டிருக்கின்றாரா என்பது முதலிய செய்திகளை அது தெரிவிக்கும். கேட்பவர் யார் என்று அது வினவுவதில்லை. அயலார்க்கும் விடை கூறுவதே அதன் தொழில்.

அனுப்பப்பெறும் பெயரை வைத்துக்கொள்வதற்கு அந்நிரல் தன் நினைவகத்தில் 512 எழுத்துக்கள் கொள்ளும் இடத்தை ஒதுக்கியிருந்தது. ஆயின், வருவது அவ்விடத்தில் அடங்குமோ என்று அஃது அளந்து பார்த்திலது. சி என்னும் நிரல்மொழியில் கெட்ஸ் என்றொரு சிறு கருவி உண்டு. வரி முடியுமட்டும் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டேயிருப்பது அதன் இயல்பு. அதனையே இந்நிரல் நம்பியிருந்தது.

இதனால் விளையும் கேட்டை ஓர் உவமையால் விளக்குவோம். கணக்கர் ஒருவர் ஒரு சிலேட்டை வைத்திருக்கின்றார். அதன் மேற்பகுதியில் வருவோர் பெயர் எழுதக் கட்டங்கள் உள்ளன. அடிப்பகுதியில், "இது முடிந்தபின் இன்னவிடத்துள்ள கட்டளையைப் பார்த்து நடக்க" என்ற குறிப்பு இருக்கின்றது. வந்த அயலான் ஒருவன் கட்டங்களைக் கடந்து எழுதிச்சென்று, அக்குறிப்பையும் அழித்து, தான் மேலே எழுதியவற்றையே கட்டளையாகப் பார்க்குமாறு மாற்றிவிடுகின்றான். கணக்கரும் ஐயுறாது அவ்வாறே நடக்கின்றார். ஃபிங்கர் சேவைக்கு நேர்ந்ததும் இதுவே. பெயரென்று வந்தது ஏவலாக மாறிற்று.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் சர்வகலாசாலையில் மேற்பட்டப் படிப்புப் பயின்றுவந்த இராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பார், தாமே பரவவல்ல நிரலொன்றை வலையில் விடுத்தார். அதனைப் புழு என்றனர். 512 எழுத்துக்குரிய இடத்தில் அது 536 எழுத்துக்களைப் புகுத்தியது. கடிதம் வாங்கும் சென்ட்மெயில் நிரலிலிருந்த வேறொரு குறையையும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களையும் அது பயன்படுத்திக்கொண்டது. கோப்புகளை அஃது அழித்ததில்லை. எனினும், முன்னரே தன் படியொன்று குடிபுகுந்த பொறியிலும், ஏழு முறைக்கு ஒருமுறை, விடாது தங்கிவிடுமாறு அஃது எழுதப்பட்டிருந்தது. ஆதலின் படிகள் பெருகிப் பொறிகள் வேறு வேலைக்கு ஆகாது சோர்ந்தன. ஏறத்தாழ 6,000 பொறிகள் பாதிக்கப்பட்டனவென்று அக்காலத்தார் மதிப்பிட்டனர்.

வழக்கு நடந்தது. 1990ஆம் ஆண்டில் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரப் பொதுத்தொண்டும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இத்தகைய இடர்க்காலத்தில் உதவுதற்கெனக் கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையில் ஒரு குழு 1988ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. ஃபிங்கர் நிரலின் நோய்க்கு மருந்தோ மிக எளிது: இத்தனை எழுத்துக்கு மேல் வாங்கற்க என்று எல்லை வகுக்கும் வேறொரு கருவியை அவ்விடத்தில் அமைத்தலே போதியதாயிற்று. கெட்ஸ் என்பதோ 2011ஆம் ஆண்டில்தான் சி மொழியின் இலக்கணத்தினின்று நீக்கப்பட்டது.

இத்துடன் இக்குறை ஒழிந்ததோவெனின், இல்லை. 2003ஆம் ஆண்டில் விண்டோஸ் இயக்க முறைமையின் சேவையொன்றிலும் அளவு பாராமையாகிய இக்குற்றமே காணப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் ஜூலை 16ஆம் நாளன்றே திருத்தத்தை வெளியிட்டனர். பிளாஸ்டர் என்னும் புழு ஆகஸ்டு 11ஆம் நாள் தோன்றிற்று. இடையில் ஏறத்தாழ நான்கு வாரம் இருந்தும், திருத்தத்தை ஏற்காத பொறிகள் எண்ணிறந்தன. அவையே அப்புழுவிற்கு இரையாயின. மருந்து கைக்கெட்டியும் உண்ணாதார் நோயுற்றது போன்றதே இது.

நிரல் எழுதக் கற்கும் மாணவர் இதனின்றும் அறியத்தக்கது யாது? அயலார் தருவதை அளவாமல் ஏற்கும் நிரல், எத்துணைச் சிறிதாயினும், முழுப்பொறியையும் பிறர் கையில் ஒப்படைத்துவிடும். பொறியைப் பேணுவோர் கடமை இரண்டு: வேண்டாத சேவைகளை மூடி வைத்தல் ஒன்று, திருத்தம் வந்தவுடன் ஏற்றல் மற்றொன்று. நம் பொறி வீழின், அது நமக்கு மட்டும் இழப்பன்று. அடுத்த பொறியைத் தாக்கும் கருவியாகவும் அதுவே ஆகின்றது. ஆதலின் நம் வாயிலை நாம் காத்தல், பிறர்க்கு நாம் செய்யும் கடமையுமாம்.