வேலிக்குள்ளே வந்த பகை

கண்டி மாநகருக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசிப்பர்; வாவிக் கரையிலே சிறிது உலாவுவர்; பேராதனைப் பூங்காவையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். மாளிகையின் பின்னே, நகரத்து இரைச்சலுக்கு மேலே, பச்சைக் குடை விரித்தாற்போல் நிற்கும் குன்றினை ஏறிட்டு நோக்குவோர் மிகச் சிலரே. அதுவே உடவத்தகெலே என்னும் வனம். அதன் பரப்பு 104 ஹெக்டேர்.

கண்டி மன்னர் காலத்திலே அது ‘உடவாசல வத்த’ எனப்பட்டது. அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்பது பொருள். அரச குடும்பத்தினரன்றி வேறெவரும் புகலாகாது என்ற தடை இருந்தமையால், ‘தடுக்கப்பட்ட காடு’ என்றும் மக்கள் வழங்கினர். ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பின்னர், 1856இல் அது ஒதுக்கக் காடாயிற்று, 1938இல் சரணாலயமாயிற்று. முடியாட்சி போய், அந்நியராட்சியும் போயிற்று; காட்டுக்கு இட்ட வேலி மட்டும் நிலைத்தது.

அவ்வேலியின் பயனை உள்ளே நுழைந்தவர் அறிவர். மலைப்பாம்புபோல் முறுக்கேறிய பெருங்கொடிகள், குரங்குக் கூட்டம், சருகுமான், முள்ளம்பன்றி, இலங்கைக்கே உரிய பறவைகள் சில: இத்தனையும் ஒரு நகரின் தலைமேல் வாழ்கின்றன. ஜெர்மனியிலே பிறந்த ஞானபோனிக தேரர் 1952 முதல் இவ்வனத்துக் குடிலொன்றிலேதான் தங்கிப் பௌத்த நூல்களை எழுதினார்.

ஆயினும், வேலியைத் தாண்டாமலே ஒரு பகை உள்ளே வந்து சேர்ந்தது. அதற்குக் கோடரி இல்லை, துப்பாக்கி இல்லை. அது ஒரு மரம். ‘டோலு பால்சம்’ என்னும் அம்மரம் தென்னமெரிக்காவுக்கு உரியது. அதன் நறுமணப் பிசின் இருமல் மருந்துக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் உதவுவது. பயன் கருதியே அதனைக் கடல் கடந்து கொணர்ந்தனர். அதன் காயோ நுனியில் ஒரு விதையும் அதற்கொரு சிறகும் உடையது. காற்றிலே சுழன்று சுழன்று வந்து எங்கும் இறங்கும். நிழலிலும் முளைத்து, நெருங்கி எழுந்து, பிற செடிகள் தலைதூக்க இடமின்றிச் செய்துவிடும். மகோகனியும், நம் வீட்டு முற்றத்திலே சாடியில் வளர்க்கும் ‘மணி பிளாண்ட்’ கொடியும் அங்கே அதற்குத் துணைப்படைகள்! 2013இல் ‘லோரிஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரையொன்று, உள்ளிருந்தே அழிக்கப்படும் சரணாலயம் என்ற பொருளில் தலைப்பிட்டு இதனை எடுத்துரைத்தது. அதனை எழுதிய இருவருள் ஒருவர் ஞாணதுசித என்னும் பிக்கு ஆவார்.

இதற்கு மருந்து யாது? குனிந்து பிடுங்குவதே. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் வேளையிலே, இளங்கன்றுகளை வேரோடு பறித்தெடுக்க வேண்டும். அட்டைகள் கால்களைப் பற்றும், முதுகு நோகும், இன்று துப்புரவாக்கிய இடத்தில் அடுத்த பருவம் மீண்டும் விதை இறங்கும். அரசாணை ஒன்றினால் இவ்வேலை முடிவதில்லை; ஆண்டுதோறும் கைகள் வேண்டும்.

“மரம் மரந்தானே, எது வளர்ந்தால் என்ன?” என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியிலே இரக்கம் இருக்கிறது, ஆராய்ச்சி இல்லை. பழந்தின்னும் பறவைக்குச் சதைப்பற்றுள்ள கனி வேண்டும். அம்மரத்தின் உலர்ந்த சிறகு அதன் பசியைத் தீர்க்காது. தூரத்திலே நின்று நோக்குவோர்க்குக் குன்று பச்சையாகவே தோன்றும். உள்ளேயோ காடு வெறும் தோப்பாகிக்கொண்டிருக்கும். கொடியோரை ஒறுத்தலுக்கு உவமை தேடிய வள்ளுவர், பயிரிடையே களை நீக்குவதைச் சொன்னார். பறிப்பதும் காப்பதே என்பதை உழவன் என்றும் அறிவான். காட்டைக் காக்க முனைந்த நாம் இப்பொழுதுதான் அதனைக் கற்றுக்கொள்கிறோம்.

மாணவரை அழைத்துக்கொண்டு கண்டிக்குச் செல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாளிகையைக் கண்ட பின்னர், ஒரு மணி நேரம் அக்குன்றின் மீதும் நடவுங்கள். பாதையோரத்துக் கன்றுகளிலே எது இம்மண்ணுக்குரியது, எது வந்தேறியது என்பதை வனக் காவலரிடம் கேட்டறியச் செய்யுங்கள். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த கண்கள் பெருகினால், பிடுங்கும் கைகளும் பெருகும். மன்னர் இட்ட தடை அக்காட்டை நம் காலம்வரை கொணர்ந்து சேர்த்தது. இனி அதனைக் காக்க வேண்டியது தடையன்று, உழைப்பு.