கடைசி நேரத்தில் வரும் ஆண்கள்

காரைக்காலில் உடல் எடைக்காக மட்டும் டாக்டரிடம் வரும் ஆண் மிக அபூர்வம். கால் புண் ஆறவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பைக் ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றுதான் வருகிறார்கள். எடை பார்க்கச் சொன்னால், "அதுக்கு வரல டாக்டர்" என்கிறார்கள். அதற்குள் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈரல் கொழுப்பு எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும்.

இது ஒரு சிலரின் கதை அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்திய ஆண்களில் 22.9 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். நமது புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலோ பத்தில் நான்கு பேருக்கு மேல்.

"பரம்பரை உடம்பு சார்"

அடிக்கடி கேட்கும் சாக்கு இது. பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுவது பரம்பரை நோய் அல்ல. "ஆம்பளைக்குக் கொஞ்சம் தொப்பை இருந்தாத்தான் லட்சணம்" என்பது இன்னொன்று. இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.யைத் தாண்டினாலே நம் ஊர் ஆணுக்கு இதயமும் கணையமும் ஆபத்தில் இருக்கின்றன.

குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. பகலில் ஸ்டீயரிங் பிடித்தபடி தூங்கிவிடுகிறார்கள். தாம்பத்தியக் குறைக்கு லாட்ஜ் வைத்தியரிடம் லேகியம் வாங்குபவர்களும் உண்டு. கூடுதல் கொழுப்பே ஆண் ஹார்மோனைக் குறைக்கும். எடை இறங்கினால் அது பெரும்பாலும் ஏறும். இதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பணம் வீணாகிறது!

பவுடர், மாத்திரை, ஊசி

தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர் கொழுப்பைக் கரைக்காது. கொள்ளு நல்ல உணவுதான், ஆனால் மருந்து அல்ல. கொடம்புளி மாத்திரையால் ஈரல் கெட்டவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். தைராய்டு நோய் இல்லாதவர் எடை குறைய தைராய்டு மாத்திரை விழுங்குவது இதயத்தோடு விளையாடும் வேலை. சிபுட்ரமின் என்ற மருந்து 2011லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பெயர் தெரியாத 'ஸ்லிம்மிங்' மருந்துகளில் அது கலந்திருப்பது உலகெங்கும் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. இப்போது எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் நண்பர் போட்டுக்கொண்ட அளவையே நீங்களும் போட்டுக்கொள்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கத்திக்குப் பயம், கத்திக்கு அவசரம்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் இன்னும் பருமனாகி, கூடுதல் நோய்களோடு, தாமதமாக வருகிறார்கள். அதனால் அவர்களுக்கு ஆபத்தும் கூடுகிறது.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் இந்த அறுவை சிகிச்சையின்போது நிலைமை மோசமாகி, பிறகு உயிரிழந்தார். தமிழக அரசு விசாரித்து அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதன்பின் "ஆபரேஷன்னா சாவுதான்" என்ற பேச்சு பரவியது. அப்படியல்ல. தேர்ந்த மையங்களில் உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. சுவீடனில் 1987ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்யாத பருமனானவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

ஆனால் இது கல்யாணத்துக்கு முன் அழகுக்குச் செய்வது அல்ல. பி.எம்.ஐ. 37.5க்கு மேல், அல்லது சர்க்கரை போன்ற நோயோடு 32.5க்கு மேல் என்பது இந்தியாவில் நெடுநாளாக வழங்கும் அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவு, அனுபவமுள்ள மயக்க மருத்துவர், உணவியலாளர் எல்லாம் உண்டா என்று கேளுங்கள். விலை மலிவு என்று முடிவெடுக்காதீர்கள்.

அறுவைக்கு முன் ரத்தம், ஈ.சி.ஜி., எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகு மது

இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டைவிட மலிவாக மது கிடைக்கும் ஊர் இது. இரைப்பையைச் சுருக்கிய பின் மது ரத்தத்தில் மிக வேகமாக ஏறும். முன்பு குவார்ட்டரில் வந்த போதை அதைவிடக் குறைந்த அளவிலேயே வரும். உணவின்மேல் இருந்த ஆசை மதுவின்மேல் திரும்பி, அடிமையானவர்கள் இருக்கிறார்கள். மதுவை விடுவதோடு, வைட்டமின், இரும்புச்சத்து மாத்திரைகளும் ஆயுள் முழுக்கத் தேவை. மாத்திரைகளை நிறுத்தினால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

இடுப்பு 90 தாண்டிய மாதமே வாருங்கள், பத்து வருடம் கழித்து வராதீர்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். அரசலாறு கடலில் சேரும் கடற்கரைச் சாலை இருக்கிறது. காலையில் நாற்பது நிமிடம் வியர்க்க நடங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பிகளே, அந்த ஒரு மாதத்தில் விருந்துக்கு நடுவே ஒரு நாளை ரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். குண்டாக இருக்கிறான் என்று பத்தாம் வகுப்புப் பையனைக் கூட்டி வரும் அப்பாக்களே, அவனுக்கு மட்டும் டயட் போட்டுவிட்டு நீங்கள் பரோட்டா கடைக்குப் போகாதீர்கள், தயவுசெய்து.