வீட்டில் முதியோர் பராமரிப்பு: நாட்றம்பள்ளி – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம்

வீட்டில் முதியோர் பராமரிப்பு என்பது, முதுமையாலோ நோயாலோ தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாதவர்களை அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகும். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், மருந்து கொடுத்தல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், இரவில் விழித்திருத்தல் ஆகியவை இதில் அடங்கும். இந்தியாவில் இவ்வேலையைப் பெரும்பாலும் குடும்பத்தினரே ஊதியமின்றிச் செய்கின்றனர். அவர்களிலும் பெரும்பான்மையோர் பெண்கள். திருப்பத்தூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் அந்தப் பெண்ணே பல வீடுகளில் ஷூ கம்பெனிச் சம்பளத்தைக் கொண்டுவருபவராகவும் இருக்கிறார்.

வட்டாரப் பின்னணி

நாட்றம்பள்ளி, சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வாணியம்பாடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே அமைந்த பேரூராட்சி. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பாலாற்றங்கரை ஊர்களின் தோல் பதனிடும் தொழில் பழமையானது. தொடக்கத்தில் அது பெரிதும் ஆண்களின் வேலையாக இருந்தது. 1970களில் இந்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. அதன்பின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. வெட்டுதல், ஒட்டுதல், மேற்பகுதி தைத்தல் ஆகிய பிரிவுகளுக்குப் பெண்கள் பெருமளவில் எடுக்கப்பட்டனர். சுற்றுக் கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ்கள் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகின்றன. ஆண்களில் பலர் பெங்களூருவில் வேலை பார்ப்பதால், பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் முதியவர் மட்டுமே என்பது இங்கு அரிதல்ல.

முதியோர் எண்ணிக்கையும் கூடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. 2031இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு.

சட்டத்தில் மருமகளின் இடம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், வருவாய்க் கோட்ட அளவில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து, மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறவும் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது.

இச்சட்டம் ‘பிள்ளைகள்’ எனக் குறிப்பது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகள் அப்பட்டியலில் இல்லை. மருமகளையும் மருமகனையும் சேர்க்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. ஆனால் அந்த அவையின் காலம் முடியும்வரை நிறைவேறவில்லை. இதற்கிடையில், தம் பொறுப்பில் உள்ள மூத்த குடிமகனைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கும் 24ஆம் பிரிவு, உறவுமுறை பார்ப்பதில்லை. பராமரிப்புத் தொகைக் கடமையில் விடுபட்ட மருமகள், தண்டனைப் பிரிவில் அகப்படக்கூடும்.

தொழிலாளர் காப்பீட்டிலும் இதே குழப்பம் நெடுங்காலம் இருந்தது. ஷூ கம்பெனித் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு இ.எஸ்.ஐ. சந்தாவாகப் பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு செலுத்துகிறார். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டப்படி காப்பீடு பெற்றவரைச் சார்ந்த பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. ஆனால் மணமான பெண்ணின் மாமனார், மாமியார் ‘பெற்றோர்’ ஆகவில்லை. வேறு ஊரில் வாழும் தாயைத் தன் அட்டையில் சேர்க்க முடிந்த பெண், தான் தினமும் சோறூட்டும் மாமியாரைச் சேர்க்க முடியவில்லை. இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழும் அந்நியர்கள் என்றே சட்டம் கருதியது எனலாம். 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் மாமனார், மாமியாரையும் குடும்பத்தில் சேர்த்தது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றம் பலரின் காதுக்கு எட்டவேண்டியது.

பராமரிப்பு நோயை மறைக்கும் விதம்

வேலூருக்கு அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 65 வயதைக் கடந்த ஆயிரம் பேரிடம் முதுமை மறதி நோய் பற்றி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. இது 10/66 எனும் பன்னாட்டு ஆய்வுக் குழுவின் பணி. மறதி நோயாளிகளில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அந்நாடுகளில் நடந்த ஆய்வு பத்து விழுக்காட்டுக்கும் குறைவே என்பதிலிருந்து அப்பெயர் வந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நோய் இருப்பதாகத் தெரிந்தது. குழுவின் சொந்த அளவுகோல் பத்தில் ஒருவருக்கு இருப்பதாகக் காட்டியது. முந்தைய அளவுகோல், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதற்கான சான்றைக் கேட்கிறது. சந்தைக்குப் போவது, பணம் எண்ணுவது, சமைப்பது எல்லாவற்றையும் வீட்டார் எடுத்துக்கொண்ட பிறகு, முதியவருக்கு எதில் தடுமாற்றம் என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை, வயசாச்சு’ என்ற பதிலே வரும். குடும்பம் நன்றாகப் பார்த்துக்கொள்வதே நோயைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

பராமரிப்பவருக்கான எளிய பயிற்சி ஒன்றையும் இக்குழு வகுத்தது. சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, சுமார் அரை மணி நேரம் என ஐந்து வாரங்கள் வீட்டுக்கே வருவார். குடும்ப நிலையை அறிதல், நோயைப் பற்றி விளக்குதல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, இரவில் எழுந்து நடப்பது போன்ற நடத்தைகளைக் கையாளக் கற்பித்தல் என்பவை அதன் பகுதிகள். வேண்டுமென்றே செய்கிறார் என்ற கோபம் குறைவதே இதில் கிடைக்கும் பெரிய நிம்மதி.

வீட்டு வாசலில் மருத்துவம்

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று, அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகின்றனர். படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வலிநிவாரணச் செவிலியரும் வருகின்றனர். இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதைப் பெற்றது.

செவிலியர் வந்து போனபின் மற்ற நேரம் முழுதும் வீட்டாருடையது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பின் பின்புறமும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். படுத்த நிலையில் உணவூட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கலாம் என்பதால் நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். பகலில் யாரும் இல்லாத வீட்டில் மதிய மாத்திரைதான் முதலில் தவறும். அதைக் காலைக்கோ இரவுக்கோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. தாமாக மாற்றுவது ஆபத்து. இரவில் பாதித் தூக்கத்தில் எழுந்து திருப்பிவிட்டவர் காலையில் பஸ் பிடிக்கிறார். அவருடைய முதுகுவலியையும் தூக்கமின்மையையும் யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. இச்சுமையை அளக்க உளவியலாளர் ஸ்டீவன் ஜாரிட் 1980களில் உருவாக்கிய 22 கேள்விகள் கொண்ட படிவம் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. ‘உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறதா’ என்பது அது கேட்கும் செய்திகளுள் ஒன்று.

பணமும் பகல்நேர மையமும்

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் தொடங்கியது. 2023 முதல் மாதம் 1,200 ரூபாயாக உள்ளது. இது முதியவருக்கான தொகை. கேரளத்தில் ‘ஆசுவாசகிரணம்’ திட்டம், படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் அளிக்கிறது. தொகை சிறிதென்றாலும், பராமரிப்பவரைத் தனி ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதால் அது குறிப்பிடத்தக்கது.

பணத்தைவிடப் பகலில் ஒரு துணை வேண்டியவர்களும் உள்ளனர். 2025–26 தமிழ்நாடு வரவு செலவுத் திட்டத்தில் ‘அன்புச்சோலை’ என்ற பெயரில் 25 பகல்நேர முதியோர் மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2025 நவம்பரில் திறக்கப்பட்டன. முதியவர் பகலில் மையத்தில் இருந்துவிட்டு இரவில் தம் வீட்டுக்கே திரும்புவார். தொழிற்சாலைப் பகுதிகளில் இத்தகைய மையம் பயன்பட வேண்டுமானால், அது கம்பெனி பஸ் புறப்படுவதற்கு முன் திறந்து, பஸ் திரும்பி வந்த பிறகே மூட வேண்டியிருக்கும்.