விளைநிலமும் விரைவுச்சாலையும்



சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், இரு மாநிலங்களின் எல்லையை ஒட்டி அமைந்திருப்பது குடிபாலா. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன் இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சென்றது. 1960-இல் திருத்தணி மீண்டும் நம்மிடம் வந்தபோது எல்லைக்கோடு நகர்ந்ததே ஒழிய, குடிபாலா இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ஆகவே, வீட்டில் தமிழும் தாசில்தார் அலுவலகத்தில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பெங்களூரிலும் பம்பாயிலும் அதற்கப்பாலும் பிழைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்பேச்சு பெரிதும் அவர்களை நினைந்தே.

அண்மையில் இவ்வூரின் பெயர் பொறியாளர்களின் வரைபடங்களில் இடம்பெற்றிருக்கிறது. பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் விரைவுச்சாலை, ஹொஸ்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் முடியுமாறு திட்டமிடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். 2022 மே 26-ஆம் நாள் சென்னையில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பங்காருபாளையம் முதல் குடிபாலா வரை ஒரு பகுதி, குடிபாலா முதல் வாலாஜாபேட்டை வரை மற்றொரு பகுதி எனப் பணியைப் பிரித்தார்கள். பழைய சாலையை அகலப்படுத்தி அமைப்பதன்று இது. வயலும் தோப்பும் மேடும் பள்ளமும் கிடந்த இடத்தில் புதிதாகக் கீறிய கோடு.

சாலை வேண்டாமென்று நாம் சொல்லப் புகவில்லை. மாங்காய் ஏற்றிய லாரி கெடாமல் சந்தை சேர்வதற்கும், நோயாளி வேலூர் மருத்துவமனைக்கு நேரத்தில் போய்ச் சேர்வதற்கும் நல்ல சாலை வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது, சாலை விழுங்கும் நிலத்தைவிடச் சாலையின் பின்னால் வருகிறவை விழுங்கும் நிலமே பன்மடங்கு என்பதைத்தான். சாலைக்கு எடுக்கப்படும் நிலம் ஓர் அளவுக்குட்பட்டது. அச்சாலையில் ஏறவும் இறங்கவும் வழி விடும் இடத்தைச் சுற்றி எழும் கிடங்கு, உணவு விடுதி, பெட்ரோல் நிலையம், வீட்டுமனை ஆகியவற்றுக்கு அளவில்லை. ஆந்திரப் பகுதியில் மனைப்பிரிவுகளை ‘வெஞ்சர்’ என்று சொல்லுகிறார்கள். நாலு புறமும் கல் நட்டு, நடுவே சிவப்பு மண் சாலை போட்டு, வாயிலில் ஒரு வளைவையும் எழுப்பிவிட்டால், கரும்பும் நெல்லும் விளைந்த வயல் வெஞ்சர் ஆகிவிடுகிறது. வீடுகள் எழுவதற்குப் பத்தாண்டு ஆகலாம். எழாமலே போகவும் கூடும். விளைச்சலோ அன்றே நின்றுவிடும்.

இவ்வாறு போவது ஏன் எப்போதும் நல்ல நிலமாகவே இருக்கிறது? காரணம் எளிது. உழவன் ஒரு நிலத்தில் எவற்றை விரும்புகிறானோ அவற்றையே மனை விற்பவரும் விரும்புகிறார்: சமமான தரை, கிணற்றில் தண்ணீர், ஊருக்கு அருகாமை, வண்டி போக வழி. பாறையும் சரிவுமான மேட்டு நிலத்தை இருவருமே நாடுவதில்லை. போட்டியில் உழவன் தோற்பது வியப்பன்று. ஒருவர் சதுர அடிக் கணக்கில் விலை சொல்ல, மற்றவர் ஏக்கர் கணக்கில் விளைச்சல் பார்க்கிறார்.

அன்றியும், நன்செய் தனித்து நிற்கும் பொருளன்று. சித்தூர்ப் பகுதியின் பாசனம் வற்றாத ஆற்றை நம்பியதன்று. ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். வரத்துக்கால் ஒன்றை மனைப்பிரிவுக்காரர் தூர்த்துவிட்டால், நிலம் விற்காத பத்துப் பேரின் ஆயக்கட்டும் காய்ந்துபோகும். உயர்ந்த கரையின்மேல் செல்லும் நெடுஞ்சாலையும் அப்படித்தான். போதிய அகலமுள்ள மதகுப் பாலங்களை உரிய இடத்தில் வைக்காவிட்டால், ஒரு புறம் வெள்ளமும் மறு புறம் வறட்சியுமாக ஊர் இரண்டுபடும். எனவே ‘என் நிலம், என் விருப்பம்’ என்னும் வழக்கு ஏரிப்பாசனத்தில் முழுதும் செல்லாது.

எது நல்ல நிலம் என்பதை அறியப் புதிதாக ஆராய்ச்சி நடத்த வேண்டுமா? பெரும்பாலும் வேண்டுவதில்லை. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறையில் நிலத்தீர்வை விதித்தபோதே, ஒவ்வொரு புலத்தின் மண்ணையும் பார்த்து வகைப்படுத்தி எழுதிவைத்தார்கள். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ‘மண் வயனமும் ரகமும்’, ‘தரம்’ என்னும் கட்டங்கள் நினைவிருக்கும். வரி வாங்குவதற்காகச் செய்த வேலைதான்; ஆயினும் எந்தப் புலத்துக்கு எந்த ஏரி நீர், எந்த மண் கரிசல், எது செம்மண், எது மணல் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. விடுதலைக்குப் பிறகு அறிவியல் முறை அதன்மேல் சேர்ந்தது. 1976-இல் நாகபுரியில் அமைந்த தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப்பயன்பாட்டுத் திட்ட நிறுவனம், மண்ணின் ஆழம், சரிவு, வடிகால் முதலியவற்றைக் கொண்டு நிலத்தின் திறனை வகுக்கும் பணியைச் செய்துவருகிறது. உலகெங்கும் வழங்கும் வகைப்பாட்டில் நிலம் எட்டு வகுப்பு. முதல் நான்கும் பயிருக்கு ஏற்றவை, ஏனையவை புல்லுக்கும் மரத்துக்கும் உரியவை. நிலப்பயன்பாட்டுத் திட்டம் என்பது, சுருங்கச் சொன்னால், இவ்வறிவை வரைபடத்தில் ஏற்றி, ஊர் வளரவேண்டிய திசையை மனை விற்பனை தொடங்குமுன்பே சட்டத்தின் வலிமையோடு குறித்துவிடுவதாகும்.

அத்தகைய வலிமை இன்று சட்டத்தில் எவ்வளவு இருக்கிறது? இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் பத்தாவது பிரிவு உணவுப் பாதுகாப்பைப் பற்றியது. ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட போகம் விளையும் பாசன நிலத்தை, வேறு வழியே இல்லாத நிலையிலன்றி எடுத்தலாகாது என்று அது கூறுகிறது. அப்படி எடுத்தால், அதற்கு ஈடான பரப்புள்ள தரிசைப் பண்படுத்தித் தரவேண்டும். அல்லது நிலத்தின் மதிப்புக்கு ஈடான தொகையை வேளாண்மைக்கென அரசாங்கத்திடம் செலுத்த வேண்டும். நல்ல விதி. ஆனால் அப்பிரிவின் இறுதியில் ஒரு விலக்கு உண்டு. இருப்புப் பாதை, நெடுஞ்சாலை, கால்வாய், மின்கம்பி வழி முதலிய நீளவாட்டுப் பணிகளுக்கு அது பொருந்தாது. நேர்கோட்டில் செல்ல வேண்டிய பணிக்கு இந்த விலக்கு ஓரளவு நியாயமே. இருந்தபோதிலும், குடிபாலாவைப் போன்ற ஊருக்கு நிலம் கேட்டு வந்தது நெடுஞ்சாலையாதலால், கவசம் இருந்தும் அம்பு வந்த திசையில் அது இல்லை.

சாலை முடிந்தபின் வருகிற மனைப்பிரிவைத் தடுக்க எது இருந்தது? ஆந்திரத்தில் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதுபற்றி 2006-இல் ஒரு சட்டம் செய்தார்கள். வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் விண்ணப்பித்து, நில மதிப்பில் ஒரு பங்கை வரியாகச் செலுத்தி அனுமதி பெற வேண்டும். 2025-இல் அச்சட்டத்தையே நீக்கி, மனைப்பிரிவுக்கோ கட்டடத்துக்கோ ஒப்புதல் பெறும்போது வளர்ச்சிக் கட்டணம் வாங்கும் முறைக்கு மாறினார்கள். அலைச்சல் குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். அலைச்சல் குறைந்தால் நல்லதே. ஆனால் பழைய முறையானாலும் புதிய முறையானாலும், அதன் மையத்தில் இருப்பது கட்டணம். கட்டணம் கருவூலத்தை நிரப்பும். இந்த வயல் வயலாகவே இருக்கட்டும் என்று அது சொல்லாது.

எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, பதிவு அலுவலகங்கள் பல நாள் வெறிச்சோடிக் கிடந்தன. அதற்கு முன் எவ்வளவு மனைகள் எந்த வரைபடத்துக்கும் உட்படாமல் விற்கப்பட்டிருக்கின்றன என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றினார்கள். எண்ணெய், இயற்கை எரிவளிக் கிணறுகள், உருக்காலைகள், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஆகியவை புதிதாக வருவதை அது தடுக்கிறது. போற்றத்தக்கது, எனினும் அதன் தடைப்பட்டியலில் வீட்டுமனை இல்லை.

கேரளத்தார் இன்னும் கடுமையாகச் சென்றார்கள். அங்கே 1970-களின் நடுவில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு, 2007-08-இல் ஏறத்தாழ 2.3 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலைத் தூர்ப்பதே குற்றமாயிற்று. ஊர்தோறும் எது வயல் என்று எழுதிய தரவுப் பதிவேடு வேண்டுமென்றும், உள்ளூர்க் குழு ஒன்று அதைக் கண்காணிக்க வேண்டுமென்றும் விதித்தார்கள். பதிவேடு ஆயத்தமாவதில் காலம் கடந்தது. 2018-இல் சில தளர்வுகளும் நுழைந்தன. இருந்தாலும் அடிப்படை சரியானது: முதலில் பட்டியல், பிறகு தடை. பட்டியல் இல்லாத தடை, வேலியில்லாத காவல்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 1973-இல் செய்ததை நாம் ஊன்றி நோக்கலாம். மலை மிகுந்த அந்நாட்டில் பயிருக்கேற்ற நிலம் இருபதில் ஒரு பங்கு அளவே. அதை மண்ணின் திறன் பார்த்து வரைபடத்தில் குறித்து, வேளாண் நிலக் காப்பு என்று பெயரிட்டு, அதற்கென அமைந்த ஆணையத்தின் இசைவின்றி வேறு பயனுக்கு விடுவதில்லை என்று சட்டம் செய்தார்கள். உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். முதுமைக்கென வைத்திருந்த சொத்தின் விலை ஒரே நாளில் விழுந்துவிட்டதே என்பது அவர்கள் குறை. அதே ஆண்டில் உழவர் வருமான உறுதிச் சட்டம் ஒன்றையும் அரசாங்கம் கொண்டுவந்தது. நிலத்தைக் கட்டிப்போட்டால் அதில் உழைப்பவனுக்கும் ஒரு பிடிமானம் தரவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சித்தூரில் அந்தப் பிடிமானம் எப்படி இருக்கிறது? கரும்பை நம்பியிருந்தவர்களுக்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருந்தது, அது நின்றுபோயிற்று. மாவுக்கு மாறினார்கள். 2025 கோடையில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது, கூழ் தொழிற்சாலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அதற்குமேல் 4 ரூபாய் அரசாங்கம் தரும் என்று அறிவிக்க நேர்ந்தது. அப்படியும் தொழிற்சாலை வாயிலில் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக்கிடந்தன. கிலோவுக்கு 12 ரூபாய்க்காக இரவெல்லாம் விழித்திருப்பவனிடம் தரகர் ஒருவர் வந்து, சதுர அடிக்குப் பல நூறு ரூபாய் என்று சொல்லும்போது, ‘நிலத்தை விற்காதே’ என்று ஊரைவிட்டு வெகு தொலைவில் இருக்கும் நாம் உபதேசம் செய்வது எளிது. நிலத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் விலையைப் பற்றிப் பேசுவதில்லை, இது பெருங்குறை.

உபதேசம் என்றேன். உண்மையில் வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் இரண்டு வேடங்கள் உண்டு. ஒன்று, பங்காளி வேடம். தந்தையார் பெயரில் இன்னும் பட்டா, நான்கு பிள்ளைகளில் மூவர் வெளியூர், பயிரிடுகிறவர் ஒருவர். விற்க வேண்டுமென்று முதலில் எழுதுவது பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைதான். மற்றொன்று, மனை வாங்குகிறவர் வேடம். சேமிப்பை எங்கே போடுவது என்று தேடும்போது, விரைவுச்சாலைக்கு அருகே மனை என்னும் விளம்பரம் கண்ணில் படுகிறது. ஊரையே பார்க்காமல் வாங்குகிறோம். அது ஏரியின் நீர்ப்பிடிப்பா, வரத்துக்காலா, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவா என்று கேட்பதில்லை. ஒப்புதல் இல்லாத மனையில் வீடு கட்ட இசைவு கிடைக்காது. நிலமும் பயிருக்கு உதவாது. இரண்டு பயனும் அற்ற அத்தகைய மனைகள் எத்தனையோ கிடக்கின்றன.

வேறொரு தொல்லையும் உண்டு. கிரயப் பத்திரத்தில் செலவைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. நிலம் கையகப்படுத்தும்போது இழப்பீட்டை, அரசு வழிகாட்டி மதிப்பையும் சுற்றுவட்டாரத்தில் பதிவான விற்பனை விலைகளின் சராசரியையும் ஒப்பிட்டு, உயர்ந்ததை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அன்று பத்திரத்தில் குறைத்து எழுதியவர்கள் எல்லாரும் இன்று தம் அண்டை அயலாரின் இழப்பீட்டையும் சேர்த்தே குறைத்தவர்களாகிறார்கள்.

நெடுஞ்சாலைக்காக நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி. அரசிதழில் அறிவிப்பு வந்தபின், அதன் சாரத்தை உள்ளூர்ச் செய்தித்தாள்கள் இரண்டில் வெளியிடுவார்கள். அவற்றுள் ஒன்று அவ்வட்டார மொழியில் இருக்க வேண்டும். எதிர்ப்புத் தெரிவிக்க, அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாள்தான் தவணை. குடிபாலாவில் அந்தச் செய்தித்தாள் தெலுங்குச் செய்தித்தாள். சூரத்திலோ பூனாவிலோ இருக்கும் பங்காளிக்கு அது போய்ச் சேராது. சேர்ந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. சர்வே எண்ணை மட்டும் அவர் அறிந்திருந்தால், மீபூமி என்னும் அரசு வலைத்தளத்தில் அடங்கலைப் பார்த்து, தம் புலம் யார் பெயரில், நன்செய்யா புன்செய்யா, என்ன பயிர் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். கரும்பு நிற்கும் வயலைத் தரிசு என்று எழுதியிருந்தால், அதைத் திருத்த வேண்டிய காலம் அறிவிப்பு வருவதற்கு முன்னால்தான். ஊரில் இருக்கும் அண்ணனோ சித்தப்பாவோ கையெழுத்துக்காகக் காத்திருக்கக் கூடும்.