எரிமலையின் மூச்சும் ஒரு தீவின் வாழ்வும்

எமது தாயகத்தில் எரிமலை இல்லை. எரிமலை என்றதும் படங்களில் கண்ட நெருப்புக் குழம்புதான் எமக்கு நினைவில் வரும். ஆனால் நாம் குடியேறியுள்ள இந்த நாட்டில், நெருப்பைவிட எரிமலையின் வாயுவோடு அதிகம் போராடும் மக்கள் வாழ்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஐந்து மணித்தியால விமானப் பயணத் தொலைவில் இருக்கும் ஹவாய்த் தீவே அது. விடுமுறைக்கு அங்கு செல்ல எண்ணும் குடும்பங்கள் இதனை அறிந்திருப்பது நன்று.

அத்தீவிலுள்ள கிலவேயா எரிமலை 1983 தை 3ஆம் திகதி குமுறத் தொடங்கி, 2018 வரை 35 ஆண்டுகள் ஓயவில்லை. 2018இல் எழுநூறுக்கு மேற்பட்ட கட்டிடங்கள் குழம்பில் அழிந்தன. சிறிது காலம் அடங்கியிருந்து, 2020 மார்கழியில் மீண்டும் விழித்தது. குமுறும் காலங்களில் நாளொன்றுக்குப் பல ஆயிரம் தொன் கந்தகவீரொட்சைட்டை அது வெளிவிடும். இவ்வாயு ஒட்சிசன், ஈரப்பதன், சூரிய ஒளி ஆகியவற்றுடன் சேர்ந்து நுண்ணிய அமிலத் துளிகளாகி, மங்கலான புகாராகப் படர்கிறது. அங்குள்ளோர் இதனை 'வொக்' என்பர்.

வாடையும் சோழகமும் அறிந்த எமக்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும். ஹவாயில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்றே வீசும். அது புகாரைத் தென்மேற்கே தள்ளி, மேற்குக் கரையான கோனாவில் தேங்க வைக்கிறது. காற்று மாறினால் ஹொனலூலு நகர்வரை புகார் செல்லும். முகில்களின் நீர்த்துளிகளும் இதனால் சிறுத்துப்போகின்றன. அத்தகைய முகில் சூரிய ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும்.

மரஞ்செடிகள் படும் பாடு பெரிது. இலைவாய் வழியே நுழையும் வாயு உள்ளே அமிலமாகி, இலையைக் கருக்கிவிடும். கிலவேயாவின் தென்மேற்கே மழை பெய்தும் பயிர் பச்சை குறைந்த 'காவு பாலைவனம்' இருப்பதற்கு அமில மழை முக்கிய காரணம். 2008 பங்குனியில் எரிமலை உச்சியில் புதிய வாய் திறந்தபோது, அப்பகுதிக் கமக்காரரின் பயிர்கள் கருகின. ஆனால் செந்நிறப் பூப் பூக்கும் ஓஹியா மரம் வாயு வரும்போது இலைவாய்களை மூடிக்கொண்டு தப்பிவிடுகிறது. புதிய குழம்புப் பாறையில் முதலில் வேர்விடும் மரங்களில் அதுவும் ஒன்று.

குடிநீரும் தப்பவில்லை. அத்தீவில் பல வீடுகள் கூரையில் விழும் மழைநீரைத் தாங்கியில் சேர்த்துப் பாவிக்கின்றன. அமில மழை கூரையிலும் குழாய்களிலும் உள்ள ஈயத்தைக் கரைத்து விடுகிறது. 1988இல் கோனாப் பகுதியில் மழைநீர் சேர்க்கும் வீடுகளில் ஏறக்குறைய 40 வீதமானவற்றின் தாங்கிகளில் ஈயம் காணப்பட்டது. சிலரது இரத்தத்திலும் அது கூடியிருந்தது.

கிலவேயாவின் வாயு தாழ்வாகவே பரவுவதால் மழையோடு விரைவில் இறங்கிவிடும். ஆனால் 1991 ஆனியில் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை ஏறக்குறைய 2 கோடி தொன் கந்தகவீரொட்சைட்டை, மழை எட்டாத உயரத்துக்கு வீசியது. மழை கழுவ முடியாத அத்துளிகள் சூரிய ஒளியை மறைத்ததால், உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ் குறைந்தது.

கலிபோர்னியாவிலும் இதற்கொப்பான இடம் உண்டு. மாமத் மலையில் 1989இல் தொடர்ந்த சிறு நிலநடுக்கங்களின் பின், நிலத்தடியிலிருந்து காபனீரொட்சைட்டு கசிந்தது. வேர்களுக்கு ஒட்சிசன் கிடைக்காமல் ஹோர்ஷூ ஏரியருகே உட்பட அம்மலையில் நூறு ஏக்கருக்கு மேல் மரங்கள் பட்டுப்போயின. இவ்வாயு காற்றைவிடப் பாரமானது, மணமுமில்லை. பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் எமது ஊர்வழக்கம் இதற்காகத்தான். 2006 சித்திரையில் அம்மலையில் பனியில் மூடியிருந்த வாயுத் துளைக்குள் சிக்கி மூன்று பனிச்சறுக்குக் காவலர் உயிரிழந்தனர். எனவே பனி பார்க்கச் செல்லும்போது எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டிப் பிள்ளைகளை விளையாட விடக்கூடாது.

ஹவாய் செல்வோர் காற்றின் தரம் பற்றிய அறிவித்தலை நாள்தோறும் பார்க்க வேண்டும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகள், முதியோரின் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். புகார் அடர்ந்தால் யன்னல்களைச் சாத்தி வீட்டினுள் இருப்பதே பாதுகாப்பு. வாடகை வீட்டில் தங்கினால், குழாயில் வருவது தாங்கி நீரா, குடிக்க உகந்ததா என்று முதலில் கேட்டறியுங்கள்.