நெருப்புக்கு எந்த மண்?

கும்ப மாதம் பிறந்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து வீடுகளில் புது மண்கலம் வந்து இறங்கும். திருவனந்தபுரத்து ஆற்றுகால் கோயில் பொங்காலைக்கு மூன்று செங்கல், ஒரு கலம், கொஞ்சம் தென்னை மட்டை போதும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் கணக்கு. செங்கற்களை மாநகராட்சி பொறுக்கியெடுத்து ஏழைகளின் வீடுகளுக்குக் கொடுக்கிறது. கலங்களோ எல்லைக்கு இப்பால், தமிழகத்திலிருந்து நிறையப் போகின்றன. நெல்வயல்களைக் காக்கும் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கேரளத்தில் வயல்மண் எடுப்பது எளிதல்ல.

கொழுந்துவிட்டு எரியும் தீயில் நிற்கிற இந்தக் கலம், உண்மையில் வெப்பம் தாங்கும் மண்ணால் ஆனதல்ல. வயல்மண்ணில் இரும்பும் பொட்டாசியச் சத்தும் உண்டு. அவை மண்ணை விரைவில் உருகவைக்கும். 1,100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பல வயல்மண்கள் குழையத் தொடங்கிவிடும். சூளையில் குயவர் சுடுவதே 700 முதல் 900 வரைதான். பிறகு எப்படித் தாங்குகிறது? உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை கலத்தின் உட்புறம் 100 டிகிரியை அதிகம் தாண்டாது. வெளிப்புறம் விரிய, உட்புறம் விரியாமல் இழுத்துப் பிடிக்க, விரிசல் விழத்தான் பார்க்கும். ஆனால் குயவர் கலந்த மணலிலோ, மண்ணின் நுண்துளையிலோ முட்டி அது நின்றுவிடுகிறது. உருண்டை அடியில் விரிசல் பிறக்க மூலையும் இல்லை. தட்டையான அடிதான் அழகு என்று கேட்டு வாங்குபவர்கள் இதை யோசிப்பதில்லை.

அதிக வெப்பத்தில் உருகாத மண் வேறு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் வாழ்ந்த தோன்னைக்கல் பகுதியில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் அந்த வகை. இதன் பெயர் கயோலின். இரும்பு மிகக் குறைவு. தூய நிலையில் 1,700 டிகிரிக்கு மேல்தான் உருகும். சுமார் 500 டிகிரியில் தன் அணுக்கட்டிலுள்ள நீரை இழந்து, 1,000-க்கு மேல் முல்லைட் என்ற உறுதியான படிகமாக மாறத் தொடங்கும். ஆனால் தனியாகச் சுட்டால் சுருங்கி வெடிக்கும். அதனால் ஏற்கெனவே சுட்ட களிமண்ணை இடித்துப் பொடியாக்கிக் கலக்கிறார்கள். ஃபயர் பிரிக் பிறப்பது இப்படித்தான்.

நம் முன்னோரின் கலவை இன்னும் சாமர்த்தியமானது. எஃகு உருக்கிய தென்னார்க்காட்டு மேல்சிறுவள்ளூரில் கிடைத்த மூசைகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்திருக்கிறார். இத்தகைய மூசைகளின் களிமண்ணில் உமி கலந்திருந்தது. உமி கருகியதும் கரியும் சிலிக்காவும் சுவரிலேயே தங்கிவிடும்.

வீட்டில் அடுப்போ, பேக்கரிக்குப் போர்மா என்ற ரொட்டி அடுப்போ கட்டுபவர்கள் தீப்படும் இடத்தில் சிமெண்ட் கலவை பூசுகிறார்கள். தவறு. சிமெண்டில் உருவாகும் சுண்ணாம்புக் கூறு 400–500 டிகிரியில் நீரை இழந்து சிதையும். ஆறியதும் ஈரத்தை உறிஞ்சி ஊதி, பூச்சைப் பிளக்கும். ரொட்டி சுடும் சூட்டுக்குச் சாதாரணச் செங்கல்லும் மண்சாந்துமே போதும். பித்தளை உருக்கும் உலைக்குத்தான் ஃபயர் பிரிக்கும் ஃபயர் கிளேயும் வேண்டும். சாந்தை மெல்லிசாகப் பூசுங்கள், நிழலில் காயவிடுங்கள், முதல் சில நாட்கள் சிறு தீ மட்டும் போடுங்கள். புதுக்கலமானால் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, முதலில் கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். நுண்துளைகளைக் கஞ்சிப்பசை அடைத்துவிடும், கலம் கசியாது.